ஸ்லோ ஓடவில்லை, பார்க்கும் ஆகவில்லை: பழைய காரின் இரண்டு வேக வைப்பர் மோட்டார்

கேள்வி: 1972 எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ்) கார். வைப்பரை ஃபாஸ்ட்டில் வைத்தால் ஓடுகிறது, ஆனால் முன்புபோல வேகம் இல்லை. ஸ்லோவில் வைத்தால் அசைவே இல்லை. சுவிட்சை அணைத்தால் பிளேடு கீழே வந்து படுக்காமல் கண்ணாடியின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. ஸ்லோ வேகத்துக்கான வைண்டிங்கும் (கம்பிச் சுருள்), பிளேடைக் கீழே கொண்டுவந்து நிறுத்தும் பார்க் சுவிட்சும் ஒரே நேரத்தில் போய்விட்டனவா? புது மோட்டார் வாங்கிவிடலாமா?

பதில்:

இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் மூன்று குறைகளைச் சொல்லியிருக்கிறீர்கள். அவற்றில் இரண்டு, அதாவது ஸ்லோ ஓடாததும் பார்க் ஆகாததும், பெரும்பாலும் ஒரே குறை. மூன்றாவது, வேகக் குறைவு, மோட்டாருக்கு வெளியே இருக்க வாய்ப்பு அதிகம். புது மோட்டாரைப் போட்டால் முதல் இரண்டும் சரியாகலாம். மூன்றாவது அப்படியே இருந்து, கொஞ்ச நாளில் அந்தப் புது மோட்டாரையும் சூடாக்கிக் கெடுக்கும்.

உங்கள் காரில் இருப்பது லூகாஸ் நிறுவனத்தின் 14டபிள்யூ மோட்டார். எம்ஜிபியில் 1967 இறுதியில் வந்த மார்க் 2 (இரண்டாம் பதிப்பு) முதல் இந்த இரண்டு வேக மோட்டார்தான். இதில் ‘ஸ்லோ வைண்டிங்’ என்று தனியாக எதுவும் கிடையாது. சுழலும் கம்பிச் சுருளான ஆர்மேச்சர் ஒன்றுதான், அதன் முனையில் செம்புப் பட்டைகள் கொண்ட கம்யூட்டேட்டரும் ஒன்றுதான். சுற்றி நிற்பவை நிரந்தரக் காந்தங்கள். வேறுபாடு, கம்யூட்டேட்டரைத் தொட்டுக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ்களில் இருக்கிறது. மொத்தம் மூன்று பிரஷ். ஒன்று எர்த். அதற்கு நேரெதிரே இருப்பது ஸ்லோ பிரஷ். மூன்றாவது, நேரெதிரே இல்லாமல் சற்றுத் தள்ளி இருப்பது, ஃபாஸ்ட் பிரஷ்.

தள்ளி வைத்தால் வேகம் ஏன் கூடுகிறது? சுழலும் ஆர்மேச்சர் அதே சமயம் ஒரு டைனமோவாகவும் வேலை செய்கிறது. பேட்டரியிலிருந்து வரும் வோல்டேஜை எதிர்க்கும் ஒரு வோல்டேஜைத் தானே உண்டாக்குகிறது. அந்த எதிர்ப்பு, வருகிற வோல்டேஜைக் கிட்டத்தட்ட எட்டிப் பிடிக்கும் வரை மோட்டார் வேகமெடுக்கும். மூன்றாவது பிரஷ் வழியாகக் கொடுக்கும்போது எதிர்த்து நிற்கும் சுற்றுகள் குறைவு. அதே 12 வோல்ட்டை எட்டிப் பிடிக்க ஆர்மேச்சர் இன்னும் வேகமாகச் சுழல வேண்டியிருக்கிறது. ரெசிஸ்டர் எதுவும் இல்லாமல் இரண்டு வேகம் கிடைப்பது இப்படித்தான். இவ்வளவு எளிமையாக யோசித்து வைத்திருக்கிறார்களே என்று ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எனக்குத் தோன்றும்.

அடுத்தது பார்க். சுவிட்சை அணைத்த பிறகும் பிளேடு கீழே வரும்வரை மோட்டார் ஓடியாக வேண்டும். அதற்கு எந்த பிரஷ் வழியாக கரண்ட் போகிறது? ஸ்லோ பிரஷ் வழியாகத்தான். உங்கள் கேள்விக்கான விடையின் முக்கால் பங்கு இதிலேயே இருக்கிறது.

மோட்டாரின் பிளக்கில் ஐந்து வயர் இருக்கும். முழுப் பச்சை வயரில் சாவி போட்டிருக்கும்போது ஃபியூஸ் வழியாக 12 வோல்ட் வரும். கறுப்பு எர்த். மற்ற மூன்றிலும் இளம்பச்சைக் கோடு ஓடும்: சிவப்பு வயர் ஸ்லோவுக்கு, நீலம் ஃபாஸ்ட்டுக்கு, பழுப்பு பார்க்குக்கு. சுவிட்ச் அணைந்த நிலையில் பழுப்பையும் சிவப்பையும் டாஷ்போர்டு சுவிட்ச் ஒன்றாக இணைத்துவிடுகிறது. மோட்டாருக்குள் இருக்கும் பார்க் சுவிட்ச், பிளேடு நடுவில் இருக்கும்வரை பச்சையின் 12 வோல்ட்டைப் பழுப்புக்குக் கொடுக்கிறது. அது பழுப்பு வழியே டாஷ்போர்டு சுவிட்சுக்குப் போய், சிவப்பு வழியே திரும்பி வந்து, ஸ்லோ பிரஷ்ஷை அடைகிறது. பிளேடு கீழே வந்ததும் கியரில் இருக்கும் கேம் (மேடான பகுதி) அந்தக் கான்டாக்டைத் தள்ளி, 12 வோல்ட்டைத் துண்டித்து, பழுப்பை எர்த்தோடு சேர்த்துவிடுகிறது. அந்த நொடியில் ஆர்மேச்சரின் இரு முனையும் எர்த்தில் ஷார்ட் ஆகின்றன. டைனமோவின் இரு முனையைச் சேர்த்தால் என்ன ஆகும்? பிரேக் போட்டதுபோல நிற்கும். பிளேடு ஒரே இடத்தில் பட்டென்று நிற்பது அதனால்தான்.

இனி கழித்துப் பாருங்கள். ஃபாஸ்ட் ஓடுகிறது. எனவே ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, டாஷ்போர்டு சுவிட்சுக்கு கரண்ட் வருகிறது, எர்த் பிரஷ் கம்யூட்டேட்டரைத் தொடுகிறது, ஆர்மேச்சரும் எரிந்துபோகவில்லை. ஸ்லோவுக்கும் பார்க்குக்கும் பொதுவானது, ஃபாஸ்ட்டுக்குத் தேவைப்படாதது, சிவப்பு வயர் பாதை மட்டுமே: சுவிட்சில் அது செருகியிருக்கும் டெர்மினல், வயர், பிளக்கில் உள்ள பின், கடைசியில் ஸ்லோ பிரஷ். சுவிட்சுக்குள் ஸ்லோ கான்டாக்டும் பார்க் கான்டாக்டும் வெவ்வேறு. இரண்டும் ஒரே நாளில் கெடுவது அபூர்வம். எனவே என் சந்தேகம் முதலில் பிரஷ் மேல், அடுத்து பிளக் பின் மேல். வைப்பர் பெரும்பாலான நேரம் ஸ்லோவில்தான் ஓடியிருக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சந்தேகத்தை உறுதிசெய்ய ஐந்து நிமிடம் போதும். பிளக்கைக் கழற்றாதீர்கள். சாவியைப் போட்டு, சுவிட்சை ஸ்லோவில் வைத்து, பிளக்கின் பின்பக்கமாக டெஸ்ட் லேம்ப்பின் (வயர் இணைத்த சின்னச் சோதனை விளக்கு) முனையைச் சிவப்பு வயரின் டெர்மினலில் தொடுங்கள். லேம்ப்பின் மறுமுனை நல்ல எர்த்தில் இருக்கட்டும். விளக்கு பிரகாசமாக எரிந்தும் மோட்டார் அசையவில்லை என்றால், அதுவரை வயரிங் எல்லாம் சரி, குறை பிளக் பின்னில் அல்லது மோட்டாருக்குள் ஸ்லோ பிரஷ்ஷில். விளக்கு எரியவில்லை என்றால் சிவப்பு வயரைப் பிடித்துக்கொண்டு சுவிட்ச் வரை போங்கள். விளக்கு எரிந்த கடைசி இடத்துக்கும் எரியாத முதல் இடத்துக்கும் நடுவில் குறை இருக்கிறது.

மல்டிமீட்டர் இருக்கும்போது டெஸ்ட் லேம்ப் எதற்கு என்று கேட்கலாம். பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு டிஜிட்டல் மீட்டரில் பார்த்தால், துருப்பிடித்து மயிரிழையில் தொட்டுக்கொண்டிருக்கும் டெர்மினலும் 12 வோல்ட் காட்டும். மீட்டர் இழுக்கும் கரண்ட் அவ்வளவு சொற்பம். மோட்டார் ஓர் ஆம்பியருக்கு மேல் கேட்கும்போதுதான் அந்தத் துரு தன் வேலையைக் காட்டும். பழைய காரில் ‘வோல்டேஜ் வருகிறது, ஆனால் ஓடவில்லை’ என்ற குழப்பம் பெரும்பாலும் இதிலிருந்து வருவதுதான். மீட்டரை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் லோடு இருக்கும்போது பாருங்கள்.

அதே நிலையில் பார்க் சுவிட்சையும் பார்த்துவிடலாம். ஃபாஸ்ட்டில் ஓடவிட்டு, பிளேடு நடுவில் இருக்கும்போது வைப்பர் சுவிட்சை மட்டும் அணையுங்கள். சாவி போட்டபடியே இருக்க வேண்டும். சாவியை அணைத்தால் பச்சையில் கரண்ட் போய்விடும், பிளேடு நடுவில்தான் நிற்கும், அது குறையே அல்ல. இப்போது பழுப்பில் விளக்கு எரிகிறதா? எரிந்தால் பார்க் சுவிட்ச் நல்லது. சிவப்பிலும் எரிகிறதா? எரிந்தால் டாஷ்போர்டு சுவிட்சும் நல்லது, பழி பிரஷ்ஷுக்கு அல்லது பிளக் பின்னுக்கு. பழுப்பில் எரிந்து சிவப்பில் எரியாவிட்டால் டாஷ்போர்டு சுவிட்சை அல்லது நடுவில் உள்ள வயரைப் பாருங்கள். பழுப்பிலேயே எரியவில்லை என்றால், பச்சையில் பாருங்கள். பச்சையில் இருந்து பழுப்பில் இல்லை என்றால்தான் பார்க் சுவிட்சைக் குறை சொல்ல முடியும்.

மோட்டாரை நேரடியாகச் சோதிக்க விரும்பினால், பிளக்கைக் கழற்றி, கறுப்பு வயரின் பின்னை எர்த் செய்து, ஃபியூஸ் வைத்த ஒரு வயரால் 12 வோல்ட்டை முதலில் ஸ்லோ பின்னுக்கும் பிறகு ஃபாஸ்ட் பின்னுக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் கொடுக்கவே கூடாது. இரண்டு பிரஷ்ஷுக்கும் நடுவே இருக்கும் சுற்றுகள் ஷார்ட்டாகிக் கொதிக்கும். கையையும் மோட்டார் அசைக்கும் பாகங்களிலிருந்து தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சின்ன மோட்டார்தான், ஆனால் வார்ம் கியர் (வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் திருகுப் பல்சக்கரம்) வழியாக வரும் விசை விரலை நசுக்கப் போதும். அதே வார்ம் கியர் காரணமாக வைப்பர் கையைப் பிடித்துத் தள்ளி மோட்டாரைச் சுழற்றவும் முடியாது. நடுவில் நிற்கும் பிளேடைக் கையால் கீழே தள்ளும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள், கியரின் பல் போய்விடும்.

பிரஷ்தான் என்று தெரிந்துவிட்டால் மோட்டாரைத் திறக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றுங்கள். மோட்டாரின் அசைவை வைப்பர்களுக்குக் கொண்டுபோகும் ரேக் கேபிள், வீல்பாக்ஸ்களின் (வைப்பர் கைகளுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரப் பெட்டிகள்) பற்களைச் சுழற்றிக்கொண்டுதான் வெளியே வரும், எனவே வைப்பர் கைகளை முதலில் ஸ்பிண்டிலிலிருந்து (அவை மாட்டியிருக்கும் தண்டு) எடுத்துவிடுங்கள். பிறகு ரேக் குழாயின் பெரிய நட்டைத் தளர்த்தி, மோட்டாரை ரேக்கோடு சேர்த்து இழுத்தெடுக்கலாம். கியர்பாக்ஸ் மூடியைத் திறந்து, கிராங்க் பின்னில் இருக்கும் சர்க்ளிப்பை (பூட்டு வளையம்) எடுத்து, கனெக்டிங் ராடைத் தூக்கினால் ரேக் தனியாகிவிடும். வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வரும் இடத்தில் அவசரப்படாதீர்கள். காந்தங்கள் இருக்கும் வட்டமான உருளைக்கு யோக் என்று பெயர். அதை கியர்பாக்ஸோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டைக் கழற்றும் முன், இரண்டிலும் பொருந்தும் அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் நீங்களே ஒரு கோடு கீறிவிடுங்கள். யோக்கை 180 டிகிரி திருப்பிப் பூட்டினால் வட துருவம் இருந்த இடத்துக்குத் தென் துருவம் வந்துவிடும், மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். ரேக் முன்னும் பின்னும் போவதால் பிளேடு வழக்கம்போலத் துடைக்கும், யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் பார்க் கேமை எதிர்ப்பக்கத்திலிருந்து சந்திப்பதால் நிற்கும் இடம் பிசகும். நான் ஒரு சனிக்கிழமை முழுவதும் நல்ல பார்க் சுவிட்சைப் பிரித்துப் பிரித்துச் சுத்தம் செய்து, மாலையில்தான் யோக் திரும்பியிருப்பதைக் கண்டேன்.

யோக்கைக் கீழே போடாதீர்கள், சுத்தியலால் தட்டாதீர்கள். உள்ளே இருக்கும் காந்தம் ஓடுபோல உடையும். இரும்புத் தூள் இருக்கும் மேசையிலும் வைக்காதீர்கள், ஒட்டியதை எடுப்பதற்குள் பொழுது போய்விடும்.

உள்ளே பெரும்பாலும் நீங்கள் காண்பது கரித்தூள்தான். தேய்ந்த கார்பனின் தூளும் பழைய கிரீஸும் கலந்து பசைபோலாகி, பிரஷ் தன் கூட்டுக்குள் நகர முடியாமல் சிக்கியிருக்கும். தேயாத பிரஷ்கூட இப்படிச் சிக்கிக் கம்யூட்டேட்டரைத் தொடாமல் நிற்பதுண்டு. சுத்தம் செய்ததும் அது ஸ்பிரிங்கின் விசையில் தானாக முன்னே வந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. நீளத்தையும் அளந்துவிடுங்கள். 4.8 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்ற வேண்டும். ஃபாஸ்ட் பிரஷ்ஷுக்கு வேறு கணக்கு. அதன் முனை படிபோலக் குறுகலாக வெட்டப்பட்டிருக்கும். அந்தக் குறுகிய பகுதி தேய்ந்து முழு அகலமும் கம்யூட்டேட்டரைத் தொட ஆரம்பித்துவிட்டால், நீளம் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அதன் ஆயுள் முடிந்தது. மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடுவது என் வழக்கம். ஒன்றுக்காக இன்னொரு முறை இவ்வளவையும் கழற்ற எனக்குப் பொறுமை இருக்காது.

கம்யூட்டேட்டரைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தாலே போதும். கறுத்துப் பள்ளம் விழுந்திருந்தால் கண்ணாடித்தூள் ஒட்டிய மெல்லிய தேய்ப்புத்தாளால் இலேசாகத் தேய்க்கலாம். எமரித்தாள் வேண்டாம், அதன் துகள் செம்புப் பட்டைகளின் நடுவே போய்ச் சிக்கிக்கொள்ளும். பட்டைகளுக்கு இடையே உள்ள கோடுகளை ஒரு மரக்குச்சியால் சுரண்டிவிடுங்கள். திரும்பப் பூட்டும்போது மூன்று பிரஷ்ஷையும் பின்னால் பிடித்துக்கொண்டு ஆர்மேச்சரை நுழைக்க மூன்று கை வேண்டும். மெல்லிய நூலால் இழுத்துக் கட்டி, கம்யூட்டேட்டர் உள்ளே போனதும் நூலை உருவிவிடலாம். கடைசியாக, ஆர்மேச்சரின் முன்பின் அசைவைக் கட்டுப்படுத்தும் திரஸ்ட் திருகு. ஆர்மேச்சர் முன்பின் அசைய 0.05 முதல் 0.2 மில்லிமீட்டர் இடம் வேண்டும். இறுக்கிவிட்டால் பிடித்துக்கொள்ளும், தளர்த்திவிட்டால் தடதடக்கும்.

ரேக்கை மாட்டுவதற்கு முன்பே மேசையில் ஓடவிட்டு அளந்துவிடுங்கள். வெறும் மோட்டார் ஒரு நிமிடம் ஓடிச் சூடான பிறகு, ஸ்லோவில் கியர் நிமிடத்துக்கு 46 முதல் 52 சுற்றும், ஃபாஸ்ட்டில் 60 முதல் 70 சுற்றும் சுற்ற வேண்டும். கரண்ட் ஸ்லோவில் சுமார் 1.5 ஆம்பியர், ஃபாஸ்ட்டில் சுமார் 2 ஆம்பியர். இந்த எண்கள் வந்துவிட்டால் மோட்டார் மேல் இனிச் சந்தேகமே வேண்டாம். வண்டியில் மெதுவாக ஓடினால் காரணம் வெளியே.

உங்கள் மூன்றாவது புகார் இதுதான். மேசையில் நன்றாக ஓடி, வண்டியில் திணறும் மோட்டாருக்குக் காரணம் பெரும்பாலும் கிரீஸ். ரேக் ஓடும் குழாய்க்குள் ஐம்பது ஆண்டுக்கு முன் போட்ட கிரீஸ் இன்று மெழுகாகியிருக்கும். மோட்டாரிலிருந்து ரேக்கைக் கழற்றி, வைப்பர் கைகள் இல்லாத நிலையில், அதன் முனையில் ஒரு ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பாருங்கள். 2.7 கிலோவுக்குள் நகர வேண்டும். நகராவிட்டால் ரேக்கை முழுவதும் உருவி, மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, குழாயையும் உள்ளே சுத்தம் செய்து, புதிதாக லித்தியம் கிரீஸ் தடவி மாட்டுங்கள்.

அப்போதும் இறுக்கம் இருந்தால் வீல்பாக்ஸ் ஸ்பிண்டில்களைத் தனித்தனியாகக் கையால் திருகிப் பாருங்கள். மேலே இருக்கும் ரப்பர் வெடித்துத் தண்ணீர் இறங்கி, ஸ்பிண்டில் துருப்பிடித்திருக்கும். வீல்பாக்ஸைக் கழற்றும் சந்தர்ப்பம் வந்தால் இன்னொரு வேலையையும் செய்துவிடுங்கள். பல்சக்கரம் முழுச் சுற்று சுற்றுவதில்லை, ஒரு பக்கப் பற்கள்தான் இத்தனை ஆண்டும் உழைத்திருக்கும். அதைப் பாதிச் சுற்று திருப்பிப் பொருத்தினால் தேயாத பற்கள் வேலைக்கு வரும். பிளேடு ஆட்டம் கொடுப்பது குறையும், ஒரு காசு செலவில்லை.

வயரிங்கையும் விடாதீர்கள். வைப்பர் ஓடும்போது பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் மோட்டாரின் சிவப்பு டெர்மினலுக்கும் இடையே மீட்டரை வைத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. கறுப்புக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே அதிலும் பாதிகூட வரக் கூடாது. கூடினால் ஃபியூஸ் பெட்டியின் கிளிப்புகளையும் எர்த் திருகையும் பளபளப்பாகச் சுரண்டுங்கள். ‘ரிலே (அதிகக் கரண்டைக் கையாளும் துணைச் சுவிட்ச்) போட்டுவிடு’ என்று யாராவது சொல்வார்கள். இந்த மோட்டார் இழுக்கும் கரண்டுக்கு ரிலே தேவையில்லை. துருவை மறைக்க இன்னொரு பெட்டி வைத்தால் நாளை தேட இன்னொரு இடம் கூடும், அவ்வளவுதான்.

பிரஷ் சரியான பிறகு பார்க்கில் வேறு கோளாறு தலைகாட்டலாம். சுவிட்சை அணைத்த பிறகும் வைப்பர் நிற்காமல் ஓடினால் பார்க் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டது, அல்லது அதைத் தள்ளும் முனை தேய்ந்துவிட்டது. சில சமயம் நின்று, சில சமயம் தாண்டிப் போய் இன்னொரு சுற்று அடித்தால் பிரேக் போடும் எர்த் கான்டாக்ட் கரிந்திருக்கிறது. கண்ணாடி நனைந்து வழுக்கும்போது இது கூடுதலாகத் தெரியும். பிளேடு கீழே வந்து சேரும் அதே நொடியில் ஃபியூஸ் போகிறது என்றால், ஓடும் 12 வோல்ட்டும் பார்க் எர்த்தும் எங்கோ ஒன்றாகச் சேர்கின்றன. விட்டுவிட்டு ஓடவைக்கும் டிலே யூனிட்டைத் தவறாக இணைத்த கார்களில் இதைப் பார்த்திருக்கிறேன்.

இதே அறிகுறியோடு வேறு கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நான் சொன்னவை காந்தமும் மூன்று பிரஷ்ஷும் உள்ள மோட்டாருக்கு. பழைய ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் வருவதுபோலக் காந்தத்துக்குப் பதில் ஃபீல்டு காயில் (கரண்டால் காந்தமாகும் கம்பிச் சுருள்) உள்ள மோட்டார்களில் கணக்கு தலைகீழ். ஃபீல்டைப் பலவீனமாக்கினால் வேகம் கூடும், அதற்கென்றே ஒரு ரெசிஸ்டர் இருக்கும். அங்கே ஸ்லோ கிடைக்காமல் ஃபாஸ்ட்டில் மட்டுமே ஓடினால் ஷன்ட் ஃபீல்டு (ஆர்மேச்சருக்குப் பக்கவாட்டில் இணைந்த ஃபீல்டு காயில்) சர்க்கியூட் எங்கோ அறுந்திருக்கிறது என்று பொருள், பிரஷ்ஷைத் தேடிப் பயனில்லை. அந்த கார்களில் டாஷ்போர்டு சுவிட்ச் 12 வோல்ட்டைக் கொடுப்பதில்லை, எர்த்தைக் கொடுக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. எந்த வகை என்று தெரியாவிட்டால், வெளியே எடுத்த மோட்டாருக்கு பாசிட்டிவ் நெகட்டிவை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். காந்த மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். ஃபீல்டு காயில் மோட்டார் அதே திசையில்தான் சுழலும், ஏனெனில் ஆர்மேச்சரும் ஃபீல்டும் சேர்ந்தே மாறுகின்றன.

எல்லாம் பூட்டி முடித்ததும் வைப்பர் கைகளை உடனே மாட்டிவிடாதீர்கள். வெறும் ஸ்பிண்டில்களோடு ஸ்லோவில் சில சுற்று ஓடவிட்டு, சாவியை அணைக்காமல் வைப்பர் சுவிட்சை அணைத்து, மோட்டார் தானாகப் பார்க்குக்கு வந்து நிற்கும்வரை காத்திருங்கள். பிறகு கைகளைக் கண்ணாடியின் கீழ் விளிம்புக்கு இணையாக வைத்து ஸ்பிண்டிலில் அழுத்துங்கள். இந்த மோட்டாரில் பார்க் இடத்தைத் திருத்த வேறு திருகு கிடையாது. கண்ணாடியை நனைத்துவிட்டு ஃபாஸ்ட்டில் ஒருமுறை ஓட்டி, மேல்விளிம்பில் பிளேடு இரும்பை முட்டவில்லை என்று பாருங்கள். முட்டினால் ஸ்பிண்டிலில் ஒரு பல் தள்ளி மாட்டுங்கள்.